மூளி நத்தையின் இரண்டு கோப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு என் கை தவறிவிட்டது. விசாரணை என்று யார் வந்து உட்கார்ந்தாலும் இதைத்தான் சொல்வேன். கை என்று ஒன்று இருந்தால் தவறத்தான் செய்யும்.

நான் வேலை பார்ப்பது அரசாங்க நிதியில் ஓடும் ஓர் உயிரியல் ஆய்வுக்கூடத்தில். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், கதவு சரியாகச் சாத்தாத ஒரு குளிர்பெட்டி, அவ்வளவுதான். ஒரு அறையில் நானும் என் கம்ப்யூட்டரும். இன்னொன்றில் கண்ணாடித் தொட்டிகளில் நானூற்றுச் சொச்சம் நத்தைகள், கீரை தின்றுகொண்டு. இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பவர் எங்கள் விஞ்ஞானி. அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் இங்கே சேர்ந்த இரண்டாம் வருஷம், ‘இந்தப் பெண் ஃபைலை ஒழுங்காக அடுக்குகிறாள்’ என்று பார்த்துத் தம்பிக்குக் கட்டிவைத்தவர். ஆகவே அலுவலகத்தில் மேடம், வீட்டில் அண்ணி. கோபம் வந்தால் மட்டும் எது அலுவலகம் எது வீடு என்று இரண்டு பேருக்குமே மறந்துவிடும்.

நத்தையின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த நத்தையை விலாப்பக்கம் ஒரு குச்சியால் தொட்டால் போதும், ரோஷம் வந்து மஞ்சளாக ஒரு பசையைக் கக்கும். அந்தப் பசை ஈரத்தில் ஒட்டும். ஈரத்தில் மட்டும்தான் ஒட்டும். உலர்ந்த இடத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதில் என்ன பெரிய அதிசயம் என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: உடம்புக்குள்ளே உலர்ந்த இடம் என்று ஒன்று கிடையாது. ஈரல் கிழிந்தால் ரத்தம், குடல் கிழிந்தால் நீர். ஊசி நூல் போக முடியாத இடத்தில் ஒட்ட ஒரு பசை கிடைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று யோசித்துப் பார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகு நத்தைகளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக அண்ணி இந்த நத்தைகளைப் பொறுக்கி வளர்க்கிறார். அதிகமாகப் பசை விடுவதைத் தனியே எடுத்து, அதன் குஞ்சுகளில் மறுபடி பொறுக்கி, அதன் குஞ்சுகளில் மறுபடி. கடைசியில் வந்து சேர்ந்தவள்தான் மூளி. ஓட்டின் விளிம்பு ஒரு பக்கம் பெயர்ந்துபோன நத்தை. தொட்டியை இறக்கும்போது கீழே போட்டது நான்தான். அப்போதும் கை தவறியதுதான். ஓடு போனாலும் மூளியின் பசைக்கு ஈடு கிடையாது.

இதற்கெல்லாம் நிதி வேண்டும், நிதிக்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்தில் ஐந்தாம் பத்தி என்று ஒன்று இருக்கிறது: ‘இந்த ஆய்வால் மக்களுக்கு என்ன பயன், எப்போது?’ அண்ணி எழுதினால் இப்படி எழுதுவார்: ‘பயன்படலாம். பயன்படாமலும் போகலாம். இப்போதைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நிதி கேட்கிறேன்.’ இதைப் படித்துவிட்டு எந்த அரசாங்கம் கொடுக்கும்? கேட்டால், உண்மை அதுதானே என்பார். உண்மையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? அதனால் ஐந்தாம் பத்தி என் இலாகா ஆயிற்று. நான் எழுதினால் அதே நத்தை மூன்றே வருஷத்தில் நாட்டைத் தூக்கி நிறுத்தும். ராணுவத்தைப் பற்றி எல்லோரும் பேசிய வருஷம் அது போர்க்களத்துப் பசை. சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசிய வருஷம் மண்ணோடு மட்கிப்போகும் பசை. நத்தை அது பாட்டுக்குக் கீரை தின்றுகொண்டிருந்தது.

அண்ணி கையெழுத்துப் போடுவார், படிக்கமாட்டார். கண்ணுக்கே தெரியாததையெல்லாம் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்க்கிறவர், கண்முன்னால் நீட்டுகிற தாளைப் பார்க்கமாட்டார். “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்பார். நான் விரலை வைத்துக் காட்டுவேன். இந்தக் குணம்தான் எங்களைச் சந்தியில் நிறுத்தியது. அதில் என் பங்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுகாதார வாரியம் திடீரென்று கையை விரித்துவிட்டது. குளிர்சாதனம் நின்றால் நத்தை ஒரு வாரம் தாங்காது. அண்ணி சாப்பிடாமல் தொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வேளாண் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் தட்டிவிட்டேன். அவர்கள் பார்வையில் நத்தை பயிரைத் தின்னும் பூச்சி மாதிரி. ஆகவே தலைப்பு: ‘தோட்டப்பயிரைத் தின்னும் நத்தையை அடியோடு ஒழிப்பதற்கான அடிப்படை ஆய்வு’. எழுத எழுத எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு உறுதிமொழி வேறு சேர்த்தேன்: ‘திட்டம் முடியும்போது கூடத்தில் உள்ள நத்தைகள் ஒன்றுவிடாமல் அழிக்கப்படும்.’ ஒரு படம் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். கைக்குக் கிடைத்தது மூளியின் படம்தான். அண்ணி எங்க போடணும் என்றார், நான் விரலை வைத்தேன். எட்டே வாரத்தில் நிதி வந்துவிட்டது.

அடுத்த வருஷம் சுகாதார வாரியமும் மனம் மாறியது. ஆக, ஒரே நத்தையை வளர்ப்பதற்கு ஒரு திட்டம், ஒழிப்பதற்கு ஒரு திட்டம். இரண்டும் என் அலமாரியில் அக்கம்பக்கமாக நிம்மதியாக இருந்தன. இரண்டிலும் வந்தது எல்லாம் நத்தைக்குத்தான் போனது. நான் அதில் ஒரு பேனாகூட வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணிக்கு மட்டும் இரண்டாவது திட்டம் இருப்பதே தெரியாது. நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நேரம் வரவே இல்லை, புதுக் கொள்கைதான் வந்தது.

எல்லா வாரியங்களையும் கலைத்துவிட்டு ஒரே மன்றம். ஒரு கூடத்துக்கு ஒரு திட்டம்தான். இரண்டு இருந்தால் ஒன்றை மூடிவிட வேண்டும், மூடுகிற திட்டத்தில் என்ன உறுதிமொழி கொடுத்திருந்தாலும் அதை உடனே நிறைவேற்றிவிட வேண்டும். சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துக் கணக்குப் போட்டேன். ஒழிக்கிற திட்டத்தை மூடினால் நத்தைகளைக் கொல்ல வேண்டும். வளர்க்கிற திட்டத்தை மூடினால் மிச்சம் இருப்பது ஒழிக்கிற திட்டம், அதன் காலமும் அந்த வருஷத்தோடு முடிகிறது, அப்போதும் கொல்ல வேண்டும். பதினோரு வருஷ உழைப்பின் கழுத்தில் நானே கயிற்றைப் போட்டு, முடிச்சையும் அழகாகப் போட்டிருந்தேன்.

போதாக்குறைக்கு, பார்வையிட வருகிறவர் ரிட்டர்ன் சார். மன்றத்தின் அதிகாரி அவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எந்தக் கோப்பையும் முதல் தடவையிலேயே அனுமதித்தது இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அந்தப் பெயர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார், அதற்குள் அவர் பெயரில் ஒரு சின்னக் கறைகூட விழுந்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று கேள்வி. கூடவே நிபுணராக ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் வருவார் என்று கடிதத்தில் இருந்தது.

வருகிறவர்களுக்காகக் கூடத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று பத்தொன்பது குறிப்புகள் அனுப்பியிருந்தார்கள். ஏழாவது: ‘தரை, மேசை, கருவிகள், மாதிரிகள் அனைத்தும் உலர்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். திறந்த பாத்திரங்களில் திரவம் வைத்தல் கூடாது.’ நான் குற்ற உணர்ச்சியில் இருந்தேன் இல்லையா, அதனால் குறிப்புகளை ஒன்றுவிடாமல் நிறைவேற்றினேன். தரையைத் துடைத்து மின்விசிறியைச் சுழலவிட்டேன். தையல் பழகுவதற்கென்று விற்கும் ரப்பர் தோல் இரண்டு துண்டு இருந்தது, செய்முறை காட்ட. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தலை உலர்த்தும் கருவியால் காயவைத்தேன். அண்ணி எப்போதும் மேசையில் வைத்திருக்கும் உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தைக் கொட்டிவிட்டு அலமாரியில் கவிழ்த்துவைத்தேன். கூடம் அப்படிப் பளபளத்தது.

காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ரிட்டர்ன் சார் ஒல்லி, கக்கத்தில் எங்கள் இரண்டு கோப்புகள். டாக்டர் நல்ல ஆகிருதி, கை ஒவ்வொன்றும் முறம் அளவு. தொட்டிகளைப் பார்த்து, நத்தைகளைப் பார்த்து, கடைசியில் செய்முறைக்கு வந்தார்கள். அண்ணி மூளியைக் குச்சியால் தொட்டார். மூளி குறை வைக்கவில்லை, ஒரு கரண்டி நிறையப் பசை விட்டாள். அண்ணியின் இடது கை தானாகக் கிண்ணத்தைத் தேடியது. கிண்ணம் இருக்கும் இடத்தில் பூச்சாடி இருந்தது. ரிட்டர்ன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி பதறிப்போய் உலர்ந்த தோல் துண்டுகளிலேயே பசையைத் தடவி, சேர்த்து அழுத்தி, ஐம்பது எண்ணிவிட்டுத் தூக்கினார்.

கீழ்த் துண்டு தொப்பென்று தட்டில் விழுந்தது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணி விளக்கினார்: ஈரம் வேண்டும், உப்புத்தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி செய்து காட்டுகிறேன். ரிட்டர்ன் சார் தலையை ஆட்டினார். ஒரு பார்வைக்கு ஒரு செய்முறைதான், விதி பதினான்கு. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவரும் விதிக்குக் கட்டுப்பட்டவர் என்று அவருக்கு நினைவூட்டப்பட்டது. நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் ரிட்டர்ன் சார் கோப்புகளை மேசையில் அக்கம்பக்கமாக வைத்து, இரண்டிலும் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தார்.

“மேடம், இந்தப் படத்துல இருக்கறதும் அந்தப் படத்துல இருக்கறதும் ஒரே நத்தையா?”

அண்ணி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஆமா, எங்க மூளிதான். இங்க பாருங்க, ஓடு உடைஞ்சிருக்கு.” பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி இரண்டு படத்திலும் விரலை வைத்துக் காட்டினார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ரிட்டர்ன் சார் இரண்டாவது கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி அண்ணி பக்கம் தள்ளினார். நான் பார்க்க அண்ணி ஒரு விண்ணப்பத்தை முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. நிதானமாகப் படித்தார். உறுதிமொழிக்கு வந்ததும் அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

“கையெழுத்து என்னோடதுதான்,” என்றார் ரிட்டர்ன் சாரிடம்.

என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தம்பி பெண்டாட்டி செய்த வேலை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுதியது நான்தான் சார், அவங்க படிக்காமல் போட்ட கையெழுத்து அது என்று நானே முன்னால் வந்து சொல்லிவிட்டேன். எழுதியவர் யார் என்று விதியில் எங்கும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டவர்தான் கணக்கு என்றார் அவர். எந்தத் திட்டத்தை மூடுவது என்று மட்டும் சொல்லுங்கள், குறிப்பு எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

“எத மூடுனாலும் நத்தைங்க சாகும். அப்படித்தான?” என்றார் அண்ணி.

“விதி அப்படித்தான் மேடம்.” குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர், விதியை விட்டு ஓர் அங்குலம் நகரத் தெரியாதவர், அவ்வளவுதான். எழுதுவதற்கு மேசையைக் கொஞ்சம் ஒழித்துக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்.

இங்கேதான் கை தவறியது.

திறந்திருந்த இரண்டு கோப்புகளையும் மூடிவைத்தேன். செய்முறைக் கரண்டியில் பசை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போகும்போது சரிந்து, ஒழிக்கிற திட்டத்துக் கோப்பின் அட்டைமேல் விழுந்தது. சுத்தமாக இருக்க வேண்டுமே என்று துடைக்கத் துணியை எடுத்தேன். துணி ஈரமாக இருந்தது. எப்படி ஈரமாயிற்று என்று கேட்டால், குழாயடியில் நனைத்தேன், அதனால் ஈரமாயிற்று. துடைத்ததில் பசை அட்டை முழுக்கப் பரவிவிட்டது. சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வளர்க்கிற திட்டத்துக் கோப்பைத் தூக்கி அதன்மேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, முழங்கையை ஊன்றிக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரியைத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

அரைப் பக்கம் எழுதினார். அழுத்தி எழுதுகிற கை. எழுதி முடித்து மேலே இருந்த கோப்பைத் தூக்கினார். கீழே இருந்ததும் கூடவே எழுந்து வந்தது.

ஒரு முறை உதறினார். நகத்தால் விளிம்பைக் கிளறினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், முகம் சிவந்தது. அண்ணி முதலில் கோப்பைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தார், பிறகு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ரிட்டர்ன் சார் நினைத்திருப்பார்.

டாக்டர் கோப்புகளை வாங்கி அந்த முறம் போன்ற கையால் ஒரு இழுப்பு இழுத்தார். மேசையை விட்டு எழுந்து நின்று இன்னொரு இழுப்பு. அட்டை வளைந்ததே தவிர விடவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கேட்டார். நாலு நிமிஷம் என்றேன்.

“இன்னும் பலமா இழுத்தா அட்டை கிழிஞ்சு வந்துரும்,” என்றார் ரிட்டர்ன் சாரிடம். “கிழிச்சுரலாமா?”

ரிட்டர்ன் சாருக்கு வியர்த்துவிட்டது. பதிவெண் போட்ட அட்டை அது. அரசாங்கக் கோப்பைக் கிழித்தால் விசாரணை, விளக்கக் கடிதம், ஓய்வூதியம் தாமதம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாள்கூட மடங்காமல் வைத்திருந்தவர். கிழிக்காமல் ஒன்றை மட்டும் மூடவும் முடியாது, ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கோப்பில் பாதியை மூடுவதற்கு விதியே இல்லை. மனுஷன் திருதிருவென்று விழித்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது, கொஞ்சம்தான்.

“ரெண்டு பேரு இழுத்தும் வரல. இதுக்கு மேல நான் என்ன செய்முறை பாக்கணும்?” என்றார் டாக்டர். நிபுணர் குறிப்பில் அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். பசை வேலை செய்கிறது, தன் கையாலேயே சோதித்தாயிற்று என்று எழுதியிருந்தார். ரிட்டர்ன் சார் வெகுநேரம் யோசித்து, தன் பழைய குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதிதாக இரண்டே வரி எழுதினார்: ‘மேற்படி இரு கோப்புகளையும் பிரிக்க இயலவில்லை. ஒரே திட்டமாகக் கருதி மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அனுமதிக்கலாம்.’ முதல் தடவையிலேயே அவர் அனுமதித்த ஒரே கோப்பு எங்களுடையதுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து நாலு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. அலுவலகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. என் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்தார். அந்த நாலு நாளில் பழைய விண்ணப்பங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாக அண்ணி படித்துக்கொண்டிருந்தார். போர்க்களத்துப் பசையைப் படிக்கும்போது அவர் மூக்கு விடைத்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அனுமதி ஆணை வந்தது. மூன்று வருஷம் நத்தைகளை வளர்க்க வேண்டும், திட்டம் முடியும்போது ஒன்றுவிடாமல் அழிக்க வேண்டும், இரண்டும் ஒரே தாளில். அண்ணி அதை முதலெழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார். பிறகு என் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். இனிமேல் தன்னைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றார். சரி என்றேன். தன் தலையில் கல்லைப் போடுவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றேன், கண் கலங்கிவிட்டது.

பிறகு அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். அன்று காலையில்தான் எடுத்திருக்க வேண்டும். கீரையின் மேல் ஒரு நத்தை, ஓடு பளபளவென்று, விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. இது யாரு புதுசா என்று கேட்டேன்.

“மூளிதான். அந்தப் பக்கமா எடுத்தேன்,” என்றார் அண்ணி. “மூணு வருஷம் கழிச்சுப் புது விண்ணப்பம் எழுதுறப்ப இத ஒட்டு.”